உறைபனிப் பெட்டிக்கு முதல் வேலை: பிக்கோ போர்டுக்கு லேப்டாப்பைத் தயார் செய்வது

டிசம்பர் பிறந்துவிட்டால் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். கேரட், உருளைக்கிழங்கு போட்டவர்களும் தேயிலை நாற்று வைத்திருப்பவர்களும் சாயங்காலமானால் வானத்தைப் பார்ப்பார்கள். மேகம் இல்லாத ராத்திரி என்றால் கவலைதான். தோட்டத்தில் வெப்பநிலை 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குள் மணியடித்து எழுப்பும் ஒரு சின்னப் பெட்டி இருந்தால், எழுந்துபோய் ஸ்பிரிங்ளரைத் திறந்துவிடலாம். நீலகிரிப் பிள்ளைகள் கல்லூரி புராஜெக்ட்டுக்கு இதை எடுப்பதில் ஆச்சரியமில்லை. ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஒரு வெப்ப சென்சார், ஒரு பஸ்ஸர். சாமான் அவ்வளவுதான்.

போர்டு கூரியரில் வந்து சேர்ந்ததும் முதலில் வரும் கேள்வி: "இதுக்கு எந்த சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணணும் சார்?"

ஒரே சாஃப்ட்வேர் என்று எதுவும் கிடையாது. நாலைந்து தனித்தனிக் கருவிகள், ஒன்று முடித்ததை இன்னொன்று வாங்கி மேற்கொண்டு வேலை செய்கின்றன. எல்லாம் ஒரே ஜன்னலுக்குள் தெரிவதால் ஒன்றுபோலத் தோன்றும், அவ்வளவுதான். எந்தக் கருவிக்கு என்ன வேலை என்று தெரிந்தால், சிவப்பு எழுத்தில் பிழை வரும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி டவுன்லோட் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். மழை பெய்தால் டவர் போய்விடும் ஊரில் அது நடக்கிற காரியமா?

உதாரணத்துக்கு ராஸ்ப்பெரி பை பிக்கோ போர்டை எடுத்துக்கொள்கிறேன். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட மன்னிக்கும் குணமுள்ள போர்டு குறைவு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். எஸ்டிஎம்32 போன்ற வேறு போர்டு வைத்திருப்பவர்களுக்கும் கருவிகளின் பெயர்தான் மாறும், கதை இதேதான்.

எழுதுவது இங்கே, ஓடுவது அங்கே

லேப்டாப்பில் ஒரு சி நிரல் எழுதினால் அது அதே லேப்டாப்பிலேயே ஓடும். பிக்கோவுக்கு எழுதும் நிரல் லேப்டாப்பில் ஓடவே ஓடாது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி புராசசர். பிக்கோவில் இருப்பது ஆர்பி2040 என்ற சிப்; அதற்குள்ளே ஆர்ம் கார்டெக்ஸ் எம்0 பிளஸ் வகைக் கோர் இரண்டு. இரண்டு புராசசர்களும் புரிந்துகொள்ளும் கட்டளைகளே வேறு வேறு. அப்படியானால் சி நிரலைப் புராசசரின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை பிக்கோவிலேயே ஓட்டலாமே என்றால், அதில் இருக்கும் ரேம் 264 கிலோபைட். நிரலை வைக்கும் ஃபிளாஷ் 2 மெகாபைட். கம்பைலர் உள்ளே நுழையவே இடம் போதாது. அதனால் லேப்டாப்பில் உட்கார்ந்து வேறொரு புராசசருக்கான கட்டளைகளைத் தயாரிக்கிறோம். மேட்டுப்பாளையத்து வெயிலில் உட்கார்ந்து ஊட்டிக் குளிருக்கு ஸ்வெட்டர் பின்னுகிற மாதிரி. இதற்குத்தான் கிராஸ் கம்பைலேஷன் என்று பெயர். தயாரிக்கும் கம்ப்யூட்டர் ஹோஸ்ட்; ஓடப்போகும் போர்டு டார்கெட்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பிக்கோவில் விண்டோஸோ லினக்ஸோ எதுவும் இல்லை. மின்சாரம் வந்த சில கணங்களில் உங்கள் நிரல் தனியாக நிற்கும். பிரின்ட்எஃப் என்று எழுதினால் எங்கே அச்சிடுவது? திரையே கிடையாது. லேப்டாப்பில் ஆபரேட்டிங் சிஸ்டம் சத்தமில்லாமல் செய்து கொடுக்கும் இதுபோன்ற வேலைகளை இங்கே யாராவது செய்தாக வேண்டும். அந்த 'யாராவது'தான் பின்னால் வரும் எஸ்டிகே.

டூல்செயின்: பெயரைப் பார்த்து வாங்குங்கள்

முதல் கருவி டூல்செயின். கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், பிழை தேட உதவும் டீபக்கர், சி மொழியின் அடிப்படை நூலகம் எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை. நமக்கு வேண்டியதன் பெயர் 'ஆர்ம்-நன்-ஈஏபிஐ-ஜிசிசி'. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெயரே விலாசம். 'ஆர்ம்' என்பது டார்கெட் புராசசரின் குடும்பம். 'நன்' என்றால் டார்கெட்டில் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. 'ஈஏபிஐ' என்பது ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது மதிப்புகளை எந்த ரெஜிஸ்டரில் (புராசசருக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) வைத்துக் கொடுப்பது என்பது போன்ற ஒப்பந்தம். 'ஜிசிசி' 1987இலிருந்து இருக்கும் இலவச கம்பைலர்.

இறக்கும் டூல்செயினின் பெயரில் 'லினக்ஸ்' என்ற சொல் இல்லை என்று பார்த்துக்கொள்வது முக்கியம். 'ஆர்ம்' என்று தொடங்கி, நடுவே 'லினக்ஸ்' வரும் இன்னொரு டூல்செயினும் கிடைக்கும். அது பீகிள்போன் மாதிரி, தனக்குள்ளேயே லினக்ஸ் ஓடும் போர்டுகளுக்கு. ஆர்ம் என்ற சொல்லை மட்டும் பார்த்து அதை இறக்கினால், பல நூறு எம்பி டேட்டா தண்டம்.

உபுண்டுவில் இதைத் தொகுப்பு நிர்வாகியிலிருந்தே நிறுவலாம். கூடவே நியூலிப் என்ற சி நூலகத் தொகுப்பையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கம்பைலர் இருக்கும், ஆனால் மிகச் சாதாரண தலைப்பு ஃபைல்கூட (ஹெடர்) இல்லை என்று புலம்பும். விண்டோஸ் என்றால் ஆர்ம் நிறுவனமே வெளியிடும் ஜிப்பை இறக்கிப் பிரித்து, அதற்குள் இருக்கும் 'பின்' ஃபோல்டரை 'பாத்' பட்டியலில் சேர்த்தால் போதும். பாத் என்பது, ஒரு கட்டளையைத் தட்டும்போது அந்த நிரலை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டியல். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் பத்துக்கு ஒன்பது தடவை கருவி வீட்டுக்குள்தான் இருக்கிறது, பட்டியலில்தான் இல்லை. சேர்த்த பிறகு டெர்மினலை மூடித் திறக்கவும் மறக்காதீர்கள். பழைய ஜன்னலுக்குப் புதுப் பட்டியல் தெரியாது.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புராஜெக்ட்டை டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் வைக்காதீர்கள். பெயரில் இடைவெளி இருந்தால் பல பழைய கருவிகள் அதை இரண்டாக வெட்டிப் படித்துவிடும். விண்டோஸில் ஃபைல் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டினாலும் சிக்கல். பில்ட் கருவிகள் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு அந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடும். சி டிரைவில் நேரடியாக 'பிக்கோ' என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். நிம்மதி.

எஸ்டிகேயும் ஜிப் ஃபைலும்

போர்டின் ஒரு பின்னை (சென்சார், விளக்கு இணைக்கும் முனை) ஆன் செய், இத்தனை மில்லிசெகண்ட் காத்திரு, யூஎஸ்பி வழியாக எழுத்தை அனுப்பு. இப்படிப்பட்ட வேலைகளுக்கு ஏற்கெனவே எழுதி வைத்த சி நிரல்களின் தொகுப்புதான் எஸ்டிகே. மின்சாரம் வந்ததும் சிப்பை எழுப்பி, கடிகாரத்தை ஓடவிட்டு, கடைசியில் உங்கள் மெயின் ஃபங்ஷனை அழைப்பதும் இதுதான். பிக்கோ எஸ்டிகே முழுக்கவும் சோர்ஸாகவே, அதாவது கம்பைல் செய்யாத நிரலாகவே வருகிறது. நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் என்ற கருவியால் இறக்கிக்கொள்ளலாம்.

மலைப்பகுதியில் பலர் வழுக்குவது இங்கேதான். கிட்டைப் புரிந்துகொள்ளப் பொறுமையில்லாமல், இணையப் பக்கத்தில் இருக்கும் 'டவுன்லோட் ஜிப்' பொத்தானை அழுத்தி, அந்த ஜிப்பைப் பென் டிரைவில் போட்டு வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விடுவார்கள். அந்த ஜிப்புக்குள் சப்மாட்யூல்கள் வராது. சப்மாட்யூல் என்பது எஸ்டிகே பயன்படுத்தும், ஆனால் வேறொரு இடத்தில் குடியிருக்கும் துணைத் தொகுப்பு. யூஎஸ்பி வேலையைப் பார்க்கும் டைனியூஎஸ்பி அப்படி ஒன்று. பில்ட் நடக்கும், எல்ஈடி மின்னும், எல்லாம் சரி போலத்தான் இருக்கும். ஆனால் யூஎஸ்பி வழியாக ஒரு எழுத்துகூட வராது. ஆரம்பத்தில் ஓடிய வரிகளுக்கு நடுவே டைனியூஎஸ்பி இல்லை என்று ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். அதை யார் படித்தார்கள்? ஒருவர் கிட் மூலம் குளோன் செய்து (முழு நகல் எடுத்து), சப்மாட்யூல் அப்டேட்டும் கொடுத்து, அதன்பின் அந்த முழு ஃபோல்டரைப் பகிர்வதுதான் சரியான முறை.

எஸ்டிகே 2.0க்குப் பிறகு இன்னொரு சங்கதி சேர்ந்திருக்கிறது. கடைசி ஃபைலைத் தயாரிக்க பிக்கோடூல் என்ற சின்னக் கருவி வேண்டும். அது கம்ப்யூட்டரில் இல்லையென்றால், பில்ட் நடக்கும்போதே இணையத்துக்குப் போய் இறக்கி வந்து கட்டிக்கொள்ளும். நெட் இருக்கும் ஊரில் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை. கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து புதிதாக ஒரு பில்ட் ஃபோல்டர் திறந்தால், நேற்று ஓடியது இன்று ஏன் நிற்கிறது என்று தலையைச் சொறிய வேண்டும். பிக்கோடூலை முன்கூட்டியே ஒரு தடவை நிறுவி வைத்துவிடுங்கள்.

பில்ட் என்று சொல்லும்போது நடப்பது

மூன்றாவது கருவி சிமேக். எந்தெந்த ஃபைலைக் கம்பைல் செய்ய வேண்டும், எந்த நூலகங்களைச் சேர்க்க வேண்டும், எந்த போர்டு என்பதையெல்லாம் 'சிமேக்லிஸ்ட்ஸ்' என்ற ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறோம். சிமேக் அதைப் படித்து வேலைப் பட்டியல் போடும். பட்டியல்படி கம்பைலரை வரிசையாக ஏவுவது நிஞ்ஜா அல்லது மேக். எஸ்டிகே எங்கே இருக்கிறது என்பதை 'பிக்கோ எஸ்டிகே பாத்' என்ற மாறியில் சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் சிமேக் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

எல்ஈடி மின்னும் நிரல் இருபது வரிகூட இருக்காது. ஆனால் பில்ட் கொடுத்தால் திரையில் ஃபைல் மேல் ஃபைலாக ஓடும். ஏதோ தவறு என்று நினைக்க வேண்டாம். எஸ்டிகே சோர்ஸாக வருவதால், நீங்கள் பயன்படுத்தும் பகுதிகள் உங்கள் நிரலோடு சேர்ந்தே கம்பைல் ஆகின்றன. ஒவ்வொரு சி ஃபைலும் ஓர் ஆப்ஜெக்ட் ஃபைல் ஆகும். பிறகு லிங்கர் அவற்றையெல்லாம் கோத்து, எது சிப்பில் எந்த விலாசத்தில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யும். ஆர்பி2040இல் ஃபிளாஷ் ஹெக்ஸ் எண்ணில் 10000000இல் தொடங்கும், ரேம் 20000000இல். இந்தக் கணக்கு லிங்கர் ஸ்கிரிப்ட் என்ற ஃபைலில் இருக்கிறது; எஸ்டிகேயே கொடுத்துவிடுவதால் நீங்கள் எழுத வேண்டியதில்லை. வருவது 'எல்ஃப்' ஃபைல். அதிலிருந்து போர்டில் போடக்கூடிய 'யூஎஃப்2' ஃபைல் தயாராகும்.

இப்போது பிழைச் செய்திகளைப் பாருங்கள். ஒரு தலைப்பு ஃபைல் இல்லை என்றால் சண்டை கம்பைலர் கட்டத்தில். நூலகத்தின் பெயரை சிமேக்லிஸ்ட்ஸில் சேர்க்கவில்லை, அல்லது நியூலிப் இல்லை. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் கம்பைலர் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது, லிங்கருக்குத்தான் அந்த ஃபங்ஷனின் உடல் கிடைக்கவில்லை. உங்கள் சி நிரலைத் திருத்தித் திருத்திப் பயனில்லை, நூலகப் பட்டியலைப் பாருங்கள். 'ரீஜியன் ஓவர்ஃப்ளோட்' என்றால் நிரல் ஃபிளாஷிலோ ரேமிலோ அடங்கவில்லை. பெரிய அர்ரே ஏதாவது போட்டிருப்பீர்கள். நான் பார்த்தவரை, புதிதாக வருகிறவர்கள் செய்தியைப் படிக்காமல் கடைசி வரியை மட்டும் தேடுகிறார்கள். முதல் பிழைதான் பிழை. அதற்குக் கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் அதன் எதிரொலி.

இதையெல்லாம் ஒரே கிளிக்கில் செய்து தரும் வசதியும் இருக்கிறது. விஎஸ் கோட் எடிட்டருக்கு ராஸ்ப்பெரி பை நிறுவனமே ஓர் எக்ஸ்டென்ஷன் தருகிறது. டூல்செயின், எஸ்டிகே, சிமேக், நிஞ்ஜா, பிக்கோடூல் எல்லாவற்றையும் அதுவே இறக்கிக்கொள்ளும். நல்ல நெட் இருக்கும் இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து அதையே நிறுவுங்கள், தப்பில்லை. ஆனால் அது உள்ளே செய்வது மேலே சொன்னதைத்தான் என்று தெரிந்து நிறுவுங்கள்.

போர்டுக்குள் அனுப்புவது

முதலில் கேபிள். பழைய செல்போன் கேபிள்களில் சில சார்ஜ் ஏற்ற மட்டுமே. மின்சாரக் கம்பி இரண்டு இருக்கும், டேட்டா கம்பி இரண்டு இருக்காது. போர்டுக்கு உயிர் வரும், லேப்டாப்புக்கு அப்படியொரு ஆள் வந்ததே தெரியாது. டிரைவரைத் தேடி இணையத்தில் அலைவதற்கு முன், அந்தக் கேபிளில் போனிலிருந்து ஒரு போட்டோவை லேப்டாப்புக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

பிக்கோவில் ஒரே ஒரு பொத்தான்தான், பூட்செல். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகி, பிறகு விரலை எடுங்கள். 'ஆர்பிஐ-ஆர்பி2' என்ற பெயரில் ஒரு டிரைவ் தோன்றும். திறந்தால் உள்ளே இரண்டு சின்ன ஃபைல்கள்; கொள்ளளவு 128 எம்பி என்று காட்டும். அது நிஜமல்ல, சிப் போடும் வேஷம். யூஎஃப்2 ஃபைலை இழுத்து அதில் போட்டதும், நகல் முடிந்த அடுத்த நொடி டிரைவ் மாயமாகிவிடும். சில கம்ப்யூட்டர்கள் 'டிரைவை முறையாக வெளியேற்றவில்லை' என்று கடிந்துகொள்ளும். கண்டுகொள்ளாதீர்கள். போர்டு ரீஸ்டார்ட் ஆகி உங்கள் நிரலை ஓட்டத் தொடங்கிவிட்டது. பச்சை எல்ஈடி மின்னுகிறதா பாருங்கள்.

மின்னவில்லையா? போர்டின் பெயரை ஒருமுறை படியுங்கள். வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூ என்றால், அதில் எல்ஈடி 25ஆம் பின்னில் இல்லை, வைஃபை சிப்போடு இணைந்திருக்கிறது. சாதா பிக்கோவுக்கான நிரல் அதில் சமர்த்தாக ஓடும், விளக்கு மட்டும் எரியாது. 2024இல் வந்த பிக்கோ 2 என்றால் சிப்பே வேறு. பழைய யூஎஃப்2 அதில் ஓடாது. சிமேக்கில் போர்டின் பெயரை மாற்றி, பில்ட் ஃபோல்டரையும் அழித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். பழைய ஃபோல்டரை வைத்துக்கொண்டால் சிமேக் பழைய பதிலையே நினைவில் வைத்திருக்கும்.

மன்னிக்கும் குணம் என்று சொன்னேனே, அது இதுதான்: பூட்செல் டிரைவைக் காட்டும் நிரல் சிப் தயாராகும்போதே அதற்குள் பதிந்தது, யாராலும் அழிக்க முடியாது. பாதி எழுதும்போது கரன்ட் போனாலும், நீங்கள் எழுதிய நிரல் போர்டையே முடக்கினாலும், பொத்தானை அழுத்திச் செருகினால் மறுபடி டிரைவ் வந்துவிடும். மழைக்காலத்தில் குன்னூர்ப் பக்கம் மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கமான விஷயம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

போர்டு பேசுவதைக் கேட்பது

எல்ஈடி மின்னியாயிற்று. இனி சென்சார். நிரல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க பிரின்ட்எஃப் வேண்டும். அது யூஎஸ்பி வழியாக வர, சிமேக்லிஸ்ட்ஸில் யூஎஸ்பி எஸ்டிடிஐஓவை (பிரின்ட்எஃப் எழுத்தை யூஎஸ்பி வழியாக அனுப்பும் வசதி) இயக்கு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இயல்பில் அது அணைந்துதான் இருக்கும். விண்டோஸில் காம் போர்ட் ஒன்று தோன்றும். புட்டி போன்ற டெர்மினலில் திறக்கலாம். லினக்ஸில் 'பர்மிஷன் டினைட்' என்று வந்தால் உங்கள் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

உறைபனிப் பெட்டிக்குப் பலரும் எடுப்பது டிஎஸ்18பி20 சென்சார். நீர் புகாத எஃகு முனையோடு கிடைக்கும். மைனஸ் 10இலிருந்து 85 டிகிரி வரை அரை டிகிரி துல்லியம். டேட்டா கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும். எல்லாம் இணைத்து ஓட்டினால் டெர்மினலில் 85.0 என்று வரும். ஊட்டியில், டிசம்பரில், 85 டிகிரி! சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மின்சாரம் வந்ததும் அதன் நினைவில் இருக்கும் தொடக்க மதிப்பே 85தான். வெப்பநிலையை அளக்கச் சொன்ன பிறகு, முழுத் துல்லியத்துக்கு முக்கால் விநாடி காத்திருக்க வேண்டும். உங்கள் நிரல் காத்திருக்காமல் படித்துவிட்டது. 750 மில்லிசெகண்ட் தூக்கத்தைச் சேருங்கள், சரியாகிவிடும்.

சரிபார்க்க ஐஸ் கட்டிகள் மிதக்கும் தண்ணீரில் முனையை விட்டு, 0 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்க்கலாம். கொதிநீரை நம்பாதீர்கள், சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும்.

பிரின்ட்எஃப் போதாத நாளும் வரும். நிரல் எங்கோ உறைந்து நின்றுவிட்டது, எந்த வரியில் என்று தெரியவில்லை. அப்போது, ஓடும் சிப்புக்குள் எட்டிப் பார்க்க உதவும் டீபக் புரோப் என்ற சின்னக் கருவி வேண்டும். தனியாக வாங்கலாம், கையில் இரண்டாவது பிக்கோ இருந்தால் அதற்கான ஃபர்ம்வேரை ஏற்றி அதையே புரோபாக மாற்றலாம். பிக்கோவில் தனியாக இருக்கும் மூன்று பின்களில் கிரவுண்ட் தவிர்த்த இரண்டு, எஸ்டபிள்யூடி என்ற டீபக் வழி. லேப்டாப்பில் ஓப்பன்ஓசிடி என்ற நிரல் புரோபோடு பேசும். ஜிடிபி என்ற டீபக்கர் 3333 என்ற போர்ட்டில் ஓப்பன்ஓசிடியோடு பேசும். நிரலை நடுவில் நிறுத்தி, மாறிகளைப் படித்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தலாம். உபுண்டுவில் ஆர்முக்கென்று தனி ஜிடிபி தேடி ஏமாற வேண்டாம். 'ஜிடிபி-மல்டிஆர்ச்' என்ற பெயரில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே இதில் இறங்க வேண்டியதில்லை.

கடைசியாக, எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே ஒரு வேலை செய்துவிடுங்கள். டூல்செயின் ஜிப், சப்மாட்யூல்களோடு கூடிய எஸ்டிகே ஃபோல்டர், சிமேக், நிஞ்ஜா, பிக்கோடூல், உங்கள் மின்னும் நிரலும் அதன் யூஎஃப்2 ஃபைலும். இத்தனையையும் ஒரு பென் டிரைவில் போட்டு, எதெது எந்தப் பதிப்பு என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையுங்கள். புராஜெக்ட் முடியும்வரை எதையும் அப்டேட் செய்யாதீர்கள். அடுத்த ஆள் லேப்டாப்போடு வந்து நிற்கும்போது முதலில் அந்த யூஎஃப்2 ஃபைலை அவர் போர்டில் போட்டுப் பாருங்கள். அது மின்னினால் கேபிளும் போர்டும் சரி. மீதிச் சிக்கல் லேப்டாப்பில்தான்.